கோயிலுக்கு வெளியே நிற்பவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கேள்வி: அம்மா, வணக்கம். நான் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் தாத்தா அந்தக் காலத்துக் கருஞ்சட்டைக்காரர். அப்பா அம்மாவுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. தென்மாவட்டங்களில் எங்களைப் போன்ற 40 குடும்பங்களில் மூன்று தலைமுறையாக மத நம்பிக்கை எப்படி மாறியிருக்கிறது என்பதும், அவர்களிடம் மதச்சார்பின்மை எப்படி வேரூன்றியது என்பதும்தான் என் ஆய்வு. வினாநிரலில் முதல் கேள்வியே ‘உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?’ என்பது. பாதிக்குப் பாதிப் பேர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுக் குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற பங்குப் பணம், கொடுக்கிறார்கள். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் பங்குனி உத்திரத்துக்கு ஆண்டு தவறாமல் சாத்தா கோயிலுக்குப் போகிறார். ஆனால் உள்ளே போவதில்லை, வெளியே புளியமரத்தடியில் நின்றுவிடுகிறார். இவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? என் நெறியாளர், ‘முரண்பட்ட பதில்களை நீக்கிவிடு’ என்கிறார். கொடை விழாவுக்குப் போனால் திருநீறு கொடுக்கிறார்கள். வாங்கினால் பொய், மறுத்தால் அவமதிப்பு. தாத்தாவோ, ‘நாங்க ஒழிக்கணும்னு நெனச்சத நீ ஆராய்ச்சி பண்ணி வாழ வைக்கியா?’ என்று கேட்டுவிட்டு என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். தலைப்பை மாற்றிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தலைப்பை மாற்றவேண்டாம். வினாநிரலின் முதல் கேள்வியை மாற்றுங்கள். நீக்கச் சொன்ன தாள்களைத் தனி உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஆய்வு அதற்குள்தான் இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் சமூகவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மாணவியாக இருந்தபோது நானும் இதே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் களத்துக்குப் போனேன். 1980களில், தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். சுடலைமாடன் கொடை முடிந்த மறுநாள் காலை, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சியிடம், ‘ஒங்களுக்குச் சாமி மேல நம்பிக்கை உண்டா ஆச்சி?’ என்று கேட்டேன். இடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘ஏ தாயி, ஒனக்கு ஒங்கய்யா மேல நம்பிக்கை உண்டான்னு ஆராச்சும் கேப்பாவளா?’ என்றார். அதில் கோபம் இல்லை. நான் என்ன கேட்கிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை. சுடலை இருக்கிறாரா இல்லையா என்பது அவருக்கு ஒரு கேள்வியே அல்ல. யார் யார் பங்காளி, யார் வீட்டுப் பானை முதலில் பொங்கவேண்டும், போன கொடையில் யாரை வரியில் சேர்க்காமல் விட்டார்கள், அதனால் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, இவைதான் அவருடைய கேள்விகள். அவற்றைக் கேட்டிருந்தால் மத்தியானம்வரை பேசியிருப்பார். நான் என் தாளில் ‘நம்பிக்கை உண்டு’ என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த ஆச்சி கேட்ட கேள்வியைப் பல வருடம் கழித்து மணிமேகலையில் மறுபடி கண்டேன். ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் ‘உன் கொள்கை என்ன?’ என்று கேட்கிறாள். கடைசியாக வருகிறவன் பூதவாதி. கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்காதவன். அவனிடம் அவள் கேட்பது, ‘உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய்?’ என்பதுதான். ஏட்டில் இருப்பது தருக்கம். திண்ணையில் கேட்டது உறவு. ஆனாலும் இரண்டு பேரும் சாமியைப் பற்றிய கேள்வியைப் பெற்றவர்களிடம் கொண்டுபோய் நிறுத்தியதை நான் மறக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கடவுளை மறுப்பவனையும் மற்றச் சமயவாதிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தி, அவன் பேச்சையும் முழுதாகக் கேட்டு எழுதிவைத்த மரபு தமிழில் பழையது. (மணிமேகலை மாறுவேடத்தில் போய்க் கேட்டாள். அதை மட்டும் நீங்கள் செய்யக்கூடாது. நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பது கேட்கப்படுகிறவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.)

‘நம்பிக்கை உண்டா?’ என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? வாயால் அறிக்கையிடும் விசுவாசம் கிறிஸ்தவத்தில் மையமானது. விசுவாசப் பிரமாணம் லத்தீனில் ‘நம்புகிறேன்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் மதத்தை ஆராயத் தொடங்கியவர்கள் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள். ஆகவே மதம் என்றால் மனத்துக்குள் இருக்கும் ஒரு நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொண்டதே ஒரு குறிப்பிட்ட வரலாற்றின் விளைவு என்று மானுடவியலாளர் தலால் அசத் 1993இல் வந்த தம் நூலில் விரிவாகவே காட்டியிருக்கிறார். நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். படித்ததை வினாநிரல் தயாரிக்கும்போது மறந்துவிடுகிறோம், அதுதான் கஷ்டம்.

அந்தக் கேள்வி ஐரோப்பாவிலேயே இப்போது சரியாக வேலை செய்வதில்லை. ஸ்வீடனில் 2000ஆம் ஆண்டில் அரசும் திருச்சபையும் பிரிந்தன. இன்றும் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தத் திருச்சபையின் உறுப்பினர்கள், அதற்கு வருமானத்திலிருந்து பணமும் கட்டுகிறார்கள். ஞாயிறு வழிபாட்டுக்குப் போகிறவர்களோ மிகச் சிலர். ஜப்பானில் கேட்டால் ‘எனக்கு மதம் இல்லை’ என்று பெரும்பாலோர் சொல்வார்கள். புத்தாண்டு பிறந்ததும் கோயிலுக்குப் போவார்கள், முன்னோருக்குரிய நாளில் சொந்த ஊருக்குப் போய்க் கல்லறையைக் கழுவிப் பூ வைப்பார்கள். ஜப்பானியர் அத்தனை பேரும் முரண்பட்டவர்கள் என்று எந்த ஆய்வாளரும் தாளை நீக்குவதில்லை. அவர்கள் மொழியில் மதத்தைக் குறிக்கும் சொல் 19ஆம் நூற்றாண்டில், மெய்ஜி காலத்தில், மேலைநாட்டுச் சொல்லுக்கு ஈடாக நிலைபெற்றது. அந்தச் சொல்லுக்குள் கல்லறைக்குப் பூ வைப்பது அடங்கவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் அப்படித்தான். ‘மதம்’ என்பது சான்றிதழில் எழுதுவது. ‘கடவுள்’ மேடையில் பேசுவது. வீட்டில் சொல்வது ‘சாமி’. உங்கள் குறிப்பேட்டில் இந்த மூன்றும் ஒரே பொருளில் மாறி மாறி வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அங்கேதான் முதல் முடிச்சு.

பெரிய கணக்கெடுப்புகளும் இதே இடத்தில் தடுமாறும். அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2019 கடைசியிலிருந்து 2020 மார்ச் வரை இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30,000 பேரிடம் நேரில் கேட்டது. 97 விழுக்காட்டினர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில் பௌத்தர்களில் மூன்றில் ஒருவர் கடவுளை நம்பவில்லை என்றார்கள். அவர்கள் மதம் இல்லாதவர்களா? 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு மதம் மாறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் பலர். கடவுளைத் தேடி அவர்கள் அங்கே போகவில்லை. மனிதராக நடத்தப்படுவதற்காகப் போனார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்னொரு விதமான சிக்கல். 2011இல் ‘மதம் குறிப்பிடவில்லை’ என்ற வரிசையில் வந்தவர்கள் 28.67 லட்சம் பேர். 2001இல் 7 லட்சத்துச் சொச்சம். பத்து வருடத்தில் நான்கு மடங்கு. இதை வைத்து ‘நாத்திகம் பெருகிவிட்டது’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். குறிப்பிடாதவர் எல்லாம் மறுப்பவர் அல்லர். மறுப்பவர் பலருடைய வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர், பெயரைப் பார்த்துத் தாமே ‘இந்து’ என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்.

இனி உங்கள் 40 குடும்பங்களுக்கு வருவோம். இவர்கள் மதத்தை விட்டு விலகியது எதற்காக என்று கேட்டீர்களா? கடவுள் இருக்க முடியாது என்று தருக்கத்தால் தெளிந்து விலகியவர்கள் உண்டு. அவர்களை விட, கோயில் வாசலில் நிறுத்தப்பட்டதால் விலகியவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. தென்மாவட்ட வரலாறு அப்படி. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அது வழக்காகி, 1908இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. இடையில் 1899இல் சிவகாசியில் கலவரம், கொலை, கொள்ளை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நாடார்களும் ஒடுக்கப்பட்டவர்களும் சேர்ந்து போக 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நாடார் சமூகத் தலைவரான பட்டிவீரன்பட்டி சௌந்திரபாண்டியனார். சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடுவது, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, இவையெல்லாம் அங்கே தீர்மானங்கள். அதற்கும் முன்னால், 1924இல் வைக்கத்தில் நடந்தது கடவுள் உண்டா என்ற வாதம் அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடக்கலாமா என்ற போராட்டம்.

இப்படிப் பார்த்தால் ஒரு குடும்பம் பெரிய கோயில் பக்கமே போகாமலும், தன் பங்காளிகள் கட்டிய அம்மன் கோயிலுக்கு மகமை கொடுத்துக்கொண்டும் இருப்பதில் என்ன முரண்? தன்னை வெளியே நிறுத்திய இடத்தைத் துறந்தார்கள். தன் கையால் கட்டிய இடத்தை வைத்துக்கொண்டார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் இந்த விளக்கம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குப் பொருந்தாது. பொருந்துகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க உங்களிடம் கேள்வி வேண்டும், அந்தக் கேள்வி இப்போது உங்கள் வினாநிரலில் இல்லை.

உங்கள் கடிதத்தில் ‘மதச்சார்பின்மை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். நம் நாட்டில் அது பெரும்பாலும் அரசு எப்படி நடக்கவேண்டும் என்பதைப் பற்றிய சொல். 1976இல் 42ஆவது திருத்தம் வழியாக அரசமைப்பின் முகவுரையில் சேர்ந்தது. நாத்திகம் என்பது மறுப்பு. பகுத்தறிவு என்பது வாழும் முறை. சுயமரியாதை இவை எதற்குள்ளும் முழுதாக அடங்காது. உங்கள் தாத்தாவிடம் ‘நீங்கள் மதச்சார்பற்றவரா?’ என்று கேட்டால் என்ன சொல்வார்? ‘நான் சுயமரியாதைக்காரன்’ என்பார் என்று நினைக்கிறேன். அவர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்பாட்டுச் சொற்கள் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கட்டும். கோட்பாடு வேண்டுமென்றால் சமூகவியலாளர் ஹோசே காசனோவா 1994இல் செய்த பிரிவினை உங்களுக்குக் கைகொடுக்கும். அரசு, சந்தை, அறிவியல் போன்றவை மதத்தின் பிடியிலிருந்து பிரிவது ஒன்று. மக்களின் நம்பிக்கையும் வழிபாடும் குறைவது வேறொன்று. மதம் பொதுவெளியிலிருந்து வீட்டுக்குள் போவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே நடக்கும் என்று பழைய ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். நடக்கவில்லை. அப்படி எதிர்பார்த்தவர்களில் முக்கியமானவரான பீட்டர் பெர்கரே 1990களின் கடைசியில் தம் கருத்து தவறு என்று வெளிப்படையாக எழுதினார். ஒரு பெரிய அறிஞர் அப்படி எழுதியது எனக்கு இன்றும் மதிப்பாகத் தோன்றுகிறது.

காகிதம் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதில் நீங்கள் தவறினால் பிறருக்குத் தீங்கு வரும். உங்கள் அப்பா அம்மாவின் திருமணம் எந்தச் சட்டப்படி செல்லும் என்று பார்த்திருக்கிறீர்களா? புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை குடும்பங்களில் அன்று இரவு தூக்கம் போயிருக்கும்! அண்ணா முதலமைச்சரான பிறகு 1967இல் சட்டத் திருத்தம் வந்தது. எந்தச் சட்டத்தில்? இந்துத் திருமணச் சட்டத்தில், 7அ என்ற பிரிவாக. சடங்கை மறுத்து நடந்த திருமணமும் சட்டத்தின் கண்ணில் இரண்டு இந்துக்களுக்கு இடையே நடந்த திருமணம்தான். பள்ளியில் சாதி, மதம் குறிப்பிடாமல் விட 1973இலேயே தமிழக அரசு ஆணை இட்டது. ஆனாலும் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மதம் எழுதத்தான் வேண்டும். 2019இல் திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் ‘சாதி இல்லை, மதம் இல்லை’ என்று சான்றிதழ் வாங்கியபோது நாடே செய்தியாகப் பேசியது, அது அவ்வளவு அரிது என்பதால்தான்.

ஆகவே ‘உங்கள் மதம் என்ன?’ என்று நீங்கள் கேட்கும்போது எதிரில் இருப்பவர் உங்களுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சேர்த்துச் சொல்கிறார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை இல்லை. தென்மாவட்டத்தில் சான்றிதழில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுமாக வாழும் குடும்பங்களை நீங்கள் சந்திப்பீர்கள். அதை ஊர்ப் பெயரோடும் தெருப் பெயரோடும் எழுதினால் ஒரு பிள்ளையின் கல்லூரி இடம் போகலாம். பெயரை மாற்றினால் போதாது. ‘1953இல் பிள்ளையார் உடைப்பில் கலந்துகொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்’ என்று எழுதினாலே அந்த ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். தொழிலை மாற்றுங்கள், ஊர்ப் பெயருக்குப் பதில் வட்டத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள், தேவையில்லாத விவரத்தை எழுதவே எழுதாதீர்கள். ஒலிப்பதிவையும் பெயர்ப் பட்டியலையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

பெண்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒருவேளை ‘குடும்பத் தலைவரிடம்’தான் பேசினீர்களோ? அப்படியானால் பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள். கருஞ்சட்டை போட்ட வீடுகளில் அடுக்களை அலமாரிக்குள் ஒரு சிறு விளக்கு இருந்தது பற்றி எத்தனையோ பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது யாருக்கும் தெரியாமல் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தவர்கள் உண்டு. கணவரை விட உறுதியாகத் தாலியை மறுத்த பெண்களும் உண்டு. கணவர் கட்சிக் கூட்டத்தில் இருந்தபோது மாமியாரின் வசவுகளை வாங்கியது அவர்கள்தான். கொள்கைக்கு வீட்டுக்குள் விலை கொடுத்தது யார் என்ற கேள்வியை ஆண்களிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் ஆச்சி இருக்கிறாரா? அவரிடமிருந்தே தொடங்கலாம், பின்கட்டில், தாத்தா இல்லாத நேரத்தில்.

திருநீறு. இதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி கிடையாது, நான் செய்ததைச் சொல்கிறேன். கோமரத்தாடி (சாமியாடுபவர்) கையால் தரும்போது இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். அது அவர் எனக்குத் தரும் இடம். பூசிக்கொண்டு நம்புகிறவளாக நடிக்க மாட்டேன். தாளில் மடித்து வைத்துக்கொள்வேன். ‘பூசலையா தாயி?’ என்று கேட்டால், ‘எங்க வீட்டுப் பழக்கம் இல்ல, ஆனா ஒங்க சாமியப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்’ என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். இதனால் யாரும் என்னை விரட்டியதில்லை. பொய் சொல்லிப் பூசிக்கொண்டவர்களைத்தான் பின்னால் தெரிந்ததும் ஊர் மன்னிக்கவில்லை. பிரிட்டனில் சமய ஆய்வுக்கென்று முதல் துறையை 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், கடவுள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை ஆய்வாளர் ஒத்திவைக்க வேண்டும் என்றார். தீர்ப்பைத்தான் ஒத்திவைக்கச் சொன்னார். நேர்மையை அல்ல.

ஆனால் நீங்கள் திருநீற்றைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டீர்களா? ஊர்த் தெருவில் காப்பி குடித்துவிட்டுக் காலனியில் ‘இப்பத்தான் குடிச்சேன்’ என்று சொன்னீர்களா? எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். முதல் நாளே இரண்டு தெருவிலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அதன் பிறகு உங்களிடம் சொல்லப்படும் பதில்கள் மாறும்.

நெறியாளர் விஷயம். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். அவர் வாய்மொழித் தேர்வை நினைத்துப் பயப்படுகிறார், அட்டவணை சுத்தமாக இருக்கவேண்டும் என்று பார்க்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. வாதம் செய்யாமல், புளியமரத்தடிப் பெரியவரின் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ‘நம்பிக்கை: உண்டு / இல்லை’ என்ற ஒரு கட்டத்தைக் கலைத்துவிட்டு, அவர் கடவுளைப் பற்றி வாயால் என்ன சொல்கிறார், உடம்பால் எங்கே போகிறார், பணம் எதற்குக் கொடுக்கிறார், காகிதத்தில் என்னவாக இருக்கிறார், நல்லது கெட்டதுக்கு யாரை அழைக்கிறார் என்று தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள். இதே மாதிரி பத்துப் பேருக்கு எழுதினால் முரண் என்று தோன்றியதில் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். முதல் தலைமுறை வாயால் மறுத்து வரியைக் கொடுத்திருக்கலாம். மூன்றாம் தலைமுறை, உங்கள் வயதுக்காரர்கள், வாயால் ஏற்று ஊருக்கே வராமல் இருக்கலாம். இதில் எது மதம் குறைந்தது, எது கூடியது? நெறியாளரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவரும் ஆர்வமாகிவிடுவார். ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாகத் தாத்தா. அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். அவர் அஞ்சுவது என்ன? ‘பார்த்தீர்களா, பகுத்தறிவு பேசியவர்கள் எல்லாரும் ரகசியமாகக் கோயிலுக்குப் போகிறவர்கள்தான்’ என்று உங்கள் ஆய்வை எடுத்து யாரோ மேடையில் வாசிக்கப் போகிறார்கள் என்று. நடக்கக்கூடியதுதான். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க ஒரே வழி, இதே கேள்விகளை இதே கறாரோடு பக்தர்களிடமும் கேட்பது. ‘சாமி முன்னாடி எல்லாரும் சமம்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருக்காரர் பொங்கலில் கை நனைக்காதவரின் தாளை யாராவது முரண் என்று நீக்கச் சொல்கிறார்களா? சொல்வதும் செய்வதும் ஒத்துப்போகவேண்டும் என்ற பரீட்சையை மறுப்பவர்களுக்கு மட்டும் வைப்பது ஆய்வு அல்ல, பாரபட்சம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பத்துக் குடும்பமாவது பக்திக் குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவிடம் தொ. பரமசிவன் பற்றிச் சொல்லுங்கள். பாளையங்கோட்டைக்காரர், பெரியாரை விட்டுக்கொடுக்காதவர். அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அழகர்கோயிலை. கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் திரளும் கூட்டத்தில் கள்ளரும் இடையரும் ஒடுக்கப்பட்டவர்களும் அந்தக் கோயிலோடு எப்படி உறவு வைத்திருக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை 1989இல் நூலாக வெளியிட்டது. எளிய மக்களின் சாமியை ஆராய்ந்ததால் அவருடைய கொள்கை தேயவில்லை. யாருக்காகப் பேசுகிறோம் என்பது அவருக்கு இன்னும் தெளிவானது என்றே நான் படித்துக்கொண்டேன்.

பிறகு தாத்தாவையே பேட்டி எடுங்கள். 41ஆவது குடும்பமாக உங்கள் குடும்பத்தைச் சேர்த்து, அது உங்கள் குடும்பம் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ‘நம்பிக்கை உண்டா’ என்று அவரிடம் கேட்கப்போவதில்லை அல்லவா? முதல் கருஞ்சட்டைக்குத் துணி எங்கே வாங்கினார், யார் தைத்தது, அதைப் போட்டுக்கொண்டு முதலில் எந்தத் தெருவில் நடந்தார், அன்று வீட்டில் சோறு போட்டார்களா என்று கேளுங்கள். பேசுவதைக் குறைத்துக்கொண்டவர் பேசுவார்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு அந்தப் பெரியவரோடு போங்கள். உள்ளே நடப்பதைப் பலர் எழுதியாயிற்று, நீங்கள் புளியமரத்தடியில் அவர் பக்கத்திலேயே இருங்கள். எந்த வழியாக வருகிறார், யார் வந்து நலம் விசாரிக்கிறார்கள், யார் பார்த்தும் பார்க்காமல் போகிறார்கள், பொங்கல் முடிந்ததும் உள்ளேயிருந்து அவருக்கு இலையில் வைத்துக் கொண்டுவருவது யார், அவர் அதை வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். குறிப்பேட்டை அங்கே வெளியே எடுக்கவேண்டாம். பேருந்தில் திரும்பி வரும்போது எழுதிக்கொள்ளலாம்.